சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்

வீடு
ஜனவரி 9

பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அப்பா நலம். அம்மா நலம். உன் அண்ணி நலம். நான் நலமில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அதைத்தான் சொன்னேன். நீ சிரித்தாய்.

"கடைசியில எறும்புக்கே சர்க்கரையா" என்றாய்.

அம்மா வைத்த பெயர். சின்ன வயதில் சர்க்கரை டப்பாவை எங்கே ஒளித்தாலும் நான் அங்கே போய் நிற்பேனாம். முப்பத்தெட்டு வயதில், ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கேட்க எனக்கு மனமில்லை. போனை வைத்தேன். நீ திரும்பக் கூப்பிட்டாய். எடுக்கவில்லை. இனி நமக்குள் எழுத்துதான். எழுத்தில் நீ சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

ஒரே ஒரு கேள்வி. மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் உன் ஆய்வகத்தைப் பார்க்க வந்தோம். "ஆராய்ச்சிக்கு ஆள் பத்தலை, நீங்களும் ரத்தம் குடுங்க" என்றாய். கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்கு, அம்மாவுக்கு, உன் அண்ணிக்கு, மூன்று பேருக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னாய். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சரியாக இருந்திருக்கும், அதனால் சொல்லவில்லை என்று நினைத்தேன்.

என் ரத்தத்தில் என்ன இருந்தது?

எல் போர்டு மாட்டிய வண்டியில் நாள் முழுக்க அடுத்தவர் பயத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். பொறுமைசாலி என்று பெயர். அதைச் சோதிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


விடுதி
ஜனவரி 27

அண்ணா,

நான் நலம். நீயும் நலமாக வேண்டும் என்றுதான் அன்றைக்கும் பேசினேன். சிரித்தது தப்பு. ஆனால் நீ போனை வைத்ததும் தப்பு.

உன் கேள்விக்குப் பதில். உன் மாதிரி பயன்படவில்லை. காரணம் உனக்கே தெரியும். நீ சாப்பிட்டுவிட்டு வந்தாய்.

விளக்கமாகவே எழுதுகிறேன், பிறகு கேட்காதே. சாப்பிட்டால் கணையம் இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் ஓர் உத்தரவு. கல்லீரலுக்கு: சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து. தசைக்கு: ரத்தத்தில் இருப்பதை எடுத்துக்கொள். உத்தரவு போய்ச் சேர்ந்ததும் செல்லுக்குள் சில மரபணுக்கள் அடங்கும், சில எழும். எவை, எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்காகத்தான் வெறும் வயிற்றில் ஒரு குழாய், குளுக்கோஸ் தண்ணீர் குடித்த பிறகு இன்னொரு குழாய்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. முதல் குழாயில் சர்க்கரை சரியாக இருந்து, இன்சுலின் மட்டும் ஒரு கோட்டுக்கு மேல் இருந்தால், அந்த ஆள் சாப்பிட்டுவிட்டு வந்தவர். நீக்கிவிடு. கோடு என் ஆய்வை மேற்பார்க்கும் கைடு போட்டது. நீ அந்தக் கோட்டுக்கு எங்கேயோ மேலே இருந்தாய். "உங்க அண்ணனால ஒரு வேளை பசி தாங்க முடியலையா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இன்றுவரை உன்னிடம் அதைச் சொன்னேனா?

கட்டுரை போன மாதம் வெளியாகிவிட்டது. ஆரோக்கியமானவர்கள் எல்லோரிடமும் மரபணுக்கள் அநேகமாக ஒரே மாதிரி பதில் சொல்கின்றன என்பதுதான் எங்கள் முடிவு. பிரதி அனுப்பியிருக்கிறேன், அப்பாவிடம் கொடு.

நீ இப்போது செய்ய வேண்டியது பழையதைக் கிளறுவது அல்ல. மாத்திரை போடு. நட.

அண்ணிக்கும் அம்மா அப்பாவுக்கும் என் அன்பு.

பாப்பா


வீடு
பிப்ரவரி 4

பாப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்க இன்றைக்குத் தோன்றவில்லை.

நான் சாப்பிடவில்லை.

அன்றைக்கும் சொன்னேன். வராந்தாவில் அந்தப் பச்சை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே காவலாளி டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு அவ்வளவு பசி. எழுந்து தண்ணீர் மட்டும் குடித்தேன். ரத்தம் எடுத்த பெண் கேட்டாள், "சார், ஏதாவது சாப்பிட்டீங்களா?" இல்லை என்றேன். நீ அவள் பின்னால் நின்றாய். "எங்க அண்ணன் சொன்னா நம்பாதே" என்றாய். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுதான் இப்போது எரிகிறது. நானும் சிரித்தேன்.

சர்க்கரை டப்பாவைத் திறந்தது எனக்கு எட்டு ஒன்பது வயதில். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் பொய்தான் என்று இந்த வீட்டில் முடிவாகிவிட்டதா? பத்து பேருக்கு முன்னால் உன்னை ஒருவர் கேலி செய்தார், நீ தலையைக் குனிந்தாய். ஏன் குனிந்தாய்? "எங்க அண்ணன் சாப்பிடலைன்னு சொன்னாரு" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போனில் என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

நீ படித்தவள், நான் கிளட்ச் சொல்லிக்கொடுப்பவன். ஆனால் ஒன்று கேட்கிறேன், எழுதிப் பதில் சொல். ஒருவன் சாப்பிடாமலே இன்சுலின் அவ்வளவு இருந்தால், அதற்கு என்ன அர்த்தம்?

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

அண்ணன்


வீடு
மார்ச் 15

பாப்பாவுக்கு,

பதில் இல்லை. நலமாகத்தான் இருப்பாய்.

நீ சொல்லாததை இங்கே கிளினிக் டாக்டர் சொன்னார். மேசையில் ரப்பர் ஸ்டாம்பை உருட்டிக்கொண்டே சொன்னார். "வெறும் வயித்துல அவ்வளவு இன்சுலின்னா உடம்பு அதைக் கேக்கலைன்னு அர்த்தம். ஒரு தடவை சொன்னாக் கேக்காததால கணையம் கத்திக் கத்திச் சொல்லுது. கத்தி ஓய்ஞ்சதும் சர்க்கரை ஏறும். அப்பவே தெரிஞ்சிருந்தா எவ்வளவோ பண்ணியிருக்கலாம். யாரு பார்த்தாங்க அந்த டெஸ்ட்டை?"

யாரும் பார்க்கவில்லை என்றேன்.

உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக நன்றி சொல்லி எழுதாதே.

அண்ணன்


விடுதி
ஏப்ரல் 2

அண்ணா,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

இல்லை. வேலை எப்போதும் அதிகம்தான். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

டாக்டர் சொன்னது சரி. நீ சாப்பிடாமல் வந்திருந்தால். அந்த 'இருந்தால்' எனக்கு முக்கியம், கோபப்படாதே. இரண்டு பேருக்கும் ஒரே எண்தான் வரும். சாப்பிட்டுவிட்டு வந்த நல்ல உடம்புக்கும், பட்டினி கிடந்து வந்த கெட்டுப்போகத் தொடங்கிய உடம்புக்கும். எண்ணைப் பார்த்து யார் எவர் என்று சொல்ல முடியாது. அதனால்தான் கோடு போட்டோம். மற்றவர்களும் இப்படி ஏதாவது ஒரு கோடு போடுகிறார்கள்.

உன் குழாய்கள் இரண்டும் ஃப்ரீசரில் இருக்கின்றன. எடுத்த நொடியில் செல்லுக்குள் எந்த மரபணு பேசிக்கொண்டிருந்ததோ, அந்தப் பேச்சை அப்படியே உறையவைக்கும் மருந்து அதில் உண்டு. பட்டினியில் கொழுப்பை எரிக்கும் மரபணுக்கள் எழுந்து நிற்கும். சாப்பிட்டால் படுக்கும். சோதித்தால் தெரியும். கைடிடம் கேட்டேன். நீக்கிய மாதிரியைச் சோதிக்க நேரமும் ரசாயனமும் கிடையாது என்றார்.

நானும் ஒன்று கேட்கிறேன். மூன்று கடிதம் எழுதிவிட்டாய். மாத்திரை போடுகிறாயா என்று ஒரு வரி இல்லை. உன் பக்கம் நியாயம் என்று நிரூபித்துவிட்டால் சர்க்கரை இறங்கிவிடுமா? என்னோடு சண்டை போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சண்டை போடு.

அண்ணியை ஒரு வரி எழுதச் சொல்.

பாப்பா


வீடு
ஏப்ரல் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. நான் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் அண்ணனுக்கு இந்தக் கடிதம் தெரியாது, தெரிய வேண்டாம்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு. நடுவில் அகப்பட்டுக்கொண்டு நான்தான் சாகிறேன். மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. "போடுங்க" என்றால், "நான் சாப்பிடலைன்னு அவ எழுதட்டும், அப்புறம் போடுறேன்" என்கிறார். குழந்தை மாதிரி வீம்பு. முகத்தில் அறையலாம் போல இருக்கிறது. அவரையும். உன்னையும்.

அது போகட்டும். போன வாரம் ஒரு கால் செருப்பு தெருவில் கழன்று விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகு நான்தான், "இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டேன். காலைக் குனிந்து பார்க்கிறார், அது யாருடைய காலோ மாதிரி.

அதற்கு முன்னால் வண்டியில் ஒன்று நடந்தது. ஒரு பெண், நர்ஸ் வேலைக்குப் படிக்கிறவள், அவரிடம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். இறக்கமான ஒரு தெருவில் நிறுத்தி, "பிரேக்கை நான் புடிச்சுக்கிறேன், நீ பயப்படாம கியரை மாத்து" என்றிருக்கிறார். அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு அல்லவா, அதை. வண்டி உருண்டு போய் ஒரு கிடங்கின் இரும்புக் கேட்டில் முட்டியது. அவளுக்கு நெற்றி வீங்கிவிட்டது. "நீ ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுட்டே" என்று கத்தியிருக்கிறார். "நான் மிதிக்கவே இல்லை சார்" என்று அவள் அழுதிருக்கிறாள். மறுநாளிலிருந்து வருவதில்லை. வீட்டில் அவள் அப்பா இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அவள் தோழி எங்கள் தெரு, அவள்தான் சொன்னாள்.

அவர் கால் பிரேக்கில் இருந்ததா, பக்கத்தில் இருந்ததா, யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். தினமும் அந்தக் காலோடுதான் வண்டியில் ஏறுகிறார்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அந்தப் பச்சை பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது நான். என்னை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணி


விடுதி
மே 11

அண்ணா,

நலமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

நீ சாப்பிடவில்லை.

கைடு வெளியூர் போயிருந்தபோது குழாய்களை எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பட்டினி மரபணுக்கள் பன்னிரண்டு பார்த்தேன். எல்லாம் எழுந்து நின்றன. அப்பாவுக்கும் அண்ணிக்கும் நின்ற அளவுக்கு.

இன்சுலினைக் கேட்காத உடம்பில், சாப்பிட்ட பிறகும் அவை படுக்காமல் நிற்கலாமே என்று எனக்கு நானே எதிர்வாதம் செய்தேன். அதற்காக உன் இரண்டாவது குழாயையும் பார்த்தேன், குளுக்கோஸ் குடித்த பிறகு எடுத்தது. அதில் பாதிக்குப் பாதி படுத்திருந்தன. மற்றவர்களுக்குப் படுத்த அளவு இல்லை, ஆனால் படுத்திருந்தன. இரண்டு குழாய்களுக்கும் நடுவில்தான் உன் அன்றைய முதல் சாப்பாடு. நான் கையில் கொடுத்த அந்த இனிப்புத் தண்ணீர்.

முடிவு வந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேசைக்காரன் "என்ன, நல்ல ரிசல்ட்டா?" என்று கேட்டான். அவனை அடித்திருப்பேன்.

மாத்திரை போடு. இப்போதாவது போடு.

பாப்பா


வீடு
ஜூன் 23

பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நீயும் பார்.

நான் சாப்பிடவில்லை என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அதை நீ எனக்கே சொல்கிறாய். இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? சந்தோஷப்பட வேண்டுமா? நீ எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அதான் அன்னைக்கே நீ சொன்னியே" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான். மூன்று வருடம் அவ்வளவுதான்.

நீ சொன்னால்தான் அது உண்மை. நான் சொன்னபோது பொய். என் வாயைவிட என் ரத்தத்துக்கு மரியாதை அதிகம். அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. குழாய் இல்லாதவன் என்ன செய்வான்? ஃப்ரீசரில் எதையும் விட்டுவைக்காதவன்?

அப்பா உன் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார், கூடத்துச் சுவரில். நேர் எதிரே உட்கார்ந்துதான் நான் காபி குடிக்கிறேன். சர்க்கரை இல்லாத காபி. ஆரோக்கியமானவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்று அதில் போட்டிருக்கிறது என்றாய். என்னைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு எல்லோரும் ஒரே மாதிரி. திருத்து. அச்சில் திருத்து. அதுவரை எனக்கு எழுதாதே.

மாத்திரை போடுகிறேன். வேலை நன்றாகப் போகிறது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

அண்ணன்


விடுதி
ஜூலை 6

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். எனக்கும் கோபம் வரும் என்பதை நீ மறந்துவிட்டாய்.

கைடிடம் போனேன். முடிவுத் தாளை மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குடும்பச் சண்டையை லேபுக்குள்ள கொண்டு வராதேம்மா."

"சண்டை இல்ல சார். அவர் சாப்பிடல."

"சரி, சாப்பிடல. ஒரு ஆள். படத்துல ஒரு புள்ளி. சொந்தக்காரங்களைச் சேர்த்ததே தப்பு, அதை நான் பெரிசு பண்ணல. நீயும் இதைப் பெரிசு பண்ணாதே."

"அந்தக் கோட்டுக்கு மேல போனவங்க எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு நாம எப்படி சார் முடிவு பண்ணினோம்?"

"வேற எப்படிப் பண்றது? ஆளுக்கொரு போலீஸ் போடுறதா?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்த முகத்தோடு சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்து ஃப்ரீசரைத் திறந்தேன். நீ மட்டும் இல்லை, அண்ணா. இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரின் குழாய்களிலும், உன் குழாயில் இருந்த அதே சீட்டு: 'சாப்பிட்டுவிட்டு வந்தவர்.' நானே ஒட்டியது, என் கையெழுத்து. ஐந்து பேரின் குழாய்களையும் சோதித்தேன். இரண்டு பேர் சாப்பிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். மூன்று பேர் சாப்பிடவில்லை. உன்னைப் போலவே. உடம்பு கேட்கவில்லை, கணையம் கத்திக்கொண்டிருந்தது, நாங்கள் அவர்களைப் பொய்யர்கள் என்று ஓரத்தில் போட்டோம். கோட்டுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே மாதிரி என்றோம். ஒரே மாதிரி இல்லாதவர்களை வெளியே அனுப்பினால் மிச்சம் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு?

மூன்று பேரில் ஒருவர் எங்கள் நூலகத்தில் வேலை செய்பவர். நேரே போய்ச் சொன்னேன், உடனே டாக்டரைப் பாருங்கள் என்று. "அன்னைக்குச் சாப்பிடலைன்னு அத்தனை தடவை சொன்னேனேம்மா" என்றார். புத்தகத்தை அடுக்கப் போய்விட்டார். மற்ற இரண்டு பேருக்கும் சொல்லியாகிவிட்டது. திருத்தம் எழுதிப் பத்திரிகைக்கு நானே அனுப்பிவிட்டேன், கைடின் கையெழுத்து இல்லாமல். அடுத்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார். போகட்டும்.

இதை உன் மன்னிப்புக்காக எழுதவில்லை. இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

வேலை நன்றாகப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். கேட்டில் முட்டியதை எழுதவில்லை. செருப்பை எழுதவில்லை. அண்ணி சொன்னாள் என்று அவளிடம் எரிந்து விழாதே, எரிவதற்கு நான் இருக்கிறேன்.

"மிதிக்கவே இல்லை சார்" என்று ஒருத்தி உன்னிடம் சொன்னாள். நீ நம்பவில்லை. அவளுக்குக் குழாய் இல்லை. ஃப்ரீசர் இல்லை. பழக வருகிறவள்தான் தப்பு செய்வாள் என்று நீயும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாய்.

உன் கால் எங்கே இருந்தது அண்ணா?

சர்க்கரை ஏறிக் கிடந்தால் பாதம் மரத்துப்போகும். டாக்டரிடம் போய்க் காலைக் காட்டு. காட்டும்வரை அந்த இருக்கையில் உட்காராதே. உட்கார்ந்தால் நான் வந்து தெருவில் வண்டியை மறிப்பேன்.

அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே.

பாப்பா


வீடு
ஆகஸ்ட் 18

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ இருக்கிறாயா? வேலையில் அடுத்து என்ன என்று எழுது.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் கிழித்தேன். உன் அண்ணி பொறுக்கி எடுத்து ஒட்டி வைத்திருக்கிறாள். ஒட்டியதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டரிடம் போனேன். கண்ணை மூடச் சொன்னார். "ஏதாவது தொட்ட மாதிரி இருந்தா சொல்லுங்க" என்றார். நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் தொடுவாராம். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எப்போது தொடங்குவார் என்று இருந்தேன். "முடிஞ்சுது, கண்ணைத் திறங்க" என்றார்.

வலது கால், விரல்களும் பாதத்தின் முன்பக்கமும். பிரேக்கில் வைக்கிற இடம்.

அன்றைக்கு மிதித்தேன் என்று சத்தியமாக நம்பினேன். பொய் சொல்லவில்லை. இதை நீ நம்ப வேண்டும். நம்பாவிட்டாலும் சரி. நம்பினேன் என்பது அவளுக்கு எந்த விதத்தில் உதவும்?

வண்டியை டிரைவிங் ஸ்கூல் கூட்டாளியிடம் ஒப்படைத்தேன். ஆபீஸில் உட்கார்ந்து போனை எடுக்கிறேன். நேற்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு பக்கத்துப் போர்ஷன். அவள் அப்பாதான் கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் அவள் நின்றாள்.

"அன்னைக்கு வண்டி முட்டினது உங்க பொண்ணு தப்பு இல்லைங்க. என் காலுக்கு உணர்ச்சி இல்ல. பிரேக்குல வெச்சிருக்கேன்னு நினைச்சேன், வைக்கல. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவர் கேட்டார், "இப்ப வந்து ஏன் சொல்றீங்க? நாங்க கேஸ் போடுவோம்னு பயந்தா?"

"இல்லைங்க."

"பின்னே?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் பேசினாள். "சார், நான் இப்ப வீட்டுக்குள்ள நடக்கும்போது கூட என் காலையே பார்த்துட்டு நடக்குறேன். வார்டுல தள்ளுவண்டி தள்ளும்போதும் கீழ பார்க்குறேன். தெரியாம மிதிச்சிருப்பேனோன்னு. நீங்க அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க, நானே மிதிச்சேன்னு நம்பிட்டேன் சார்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் திட்டவில்லை. கீழே, தன் காலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

மறுபடி ஓட்டப் பழகு, கூட்டாளி சொல்லித் தருவார் என்றேன். வேண்டாம் என்றாள். அப்பா கதவைச் சாத்தினார்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. குறையவில்லை. திருத்தம் அச்சில் வந்தால் அனுப்பு, சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டு அதை மாட்டச் சொல்கிறேன். வராவிட்டாலும் எழுது.

நாளைக் காலை அந்தத் தெருவுக்கு மறுபடி போகிறேன். மாடிக்கு ஏறப்போவதில்லை. அந்தக் கிடங்கு அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான். அன்றைக்கு அங்கே கடையைத் திறந்துகொண்டிருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் அவளைப் பார்த்துக் கத்தினேன். அதே இடத்தில், அதே நேரத்தில், அதே சத்தத்தில் சொல்லப் போகிறேன்.

உன் அண்ணி கூட வருகிறேன் என்கிறாள். நான் எங்கே கால் வைக்கிறேன் என்று பார்த்துக்கொள்ள.

அண்ணன்